பெரிய ஜப்பானிய டாட்டூ: படத்துக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

ஜப்பானிய பாணியில் பெரிதாக டாட்டூ போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கோ பார்த்த ஒரு டிராகன் பிடித்துப்போகிறது. அதைக் கைபேசியில் சேமித்துவைத்து, உடம்பில் எங்கே பொருந்தும் என்று தேடுகிறார்கள். கதவை வாங்கிவிட்டு அதற்கேற்ற வீட்டைத் தேடுவது மாதிரி இது. இந்தப் பாணியில் வேலை நடக்கும் வரிசையே வேறு. உடம்பில் எவ்வளவு பரப்பு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முதலில். யார் கையால் என்பது அடுத்தது. எந்தப் படம் என்பது அதற்கும் பிறகுதான், அதிலும் பாதி முடிவு கலைஞருடையது.

இதற்குக் காரணம் இந்தக் கலை வந்த வழி. 1827 வாக்கில் உதகாவா குனியோஷி என்ற ஓவியர், சீனத்திலிருந்து வந்த சுய்கோதென் என்ற வீரக் கதையின் 108 வீரர்களை மரக்கட்டை அச்சு ஓவியங்களாக வரிசையாக வெளியிடத் தொடங்கினார். அவர் வரைந்த வீரர்களில் பலருக்கு முதுகிலும் தோளிலும் டிராகனும் பூவும் அலையும் நிறைந்திருந்தன. அவற்றைப் பார்த்து எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களும் கூலித் தொழிலாளர்களும் தங்கள் உடம்பிலும் அப்படியே போட்டுக்கொண்டார்கள். சின்னச் சின்னப் படங்களாக அங்கங்கே ஒட்டிவைக்கும் பழக்கம் இதில் இல்லை. முதுகு என்றால் முதுகு முழுக்க ஒரே ஓவியம். கை என்றால் தோளிலிருந்து கீழே வரும் ஒரே ஓவியம். ஆகவே திட்டமும் உடம்பின் வடிவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கே முடிகிறது?

கையில் போடுவதற்கு மூன்று வழக்கமான நீளங்கள் உண்டு. முழங்கைக்கு மேலேயே நிற்பது கொபு. முன்கையின் நடுவரை வருவது ஷிச்சிபு. மணிக்கட்டு வரை போவது நாகாசோதே. கையோடு சேர்த்து மார்பின் ஒரு பக்கத்தையும் நிரப்பினால் அந்த மார்புப் பகுதிக்கு ஹிகாயே என்று பெயர். உடல் முழுக்கப் போட்டு, மார்பு நடுவில் மட்டும் ஒரு பட்டையை வெறுமையாக விடுவது முனேவாரி. முன்பக்கம் திறந்த உடுப்பு அணிந்தாலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கழுத்துக்கு மேல், மணிக்கட்டுக்குக் கீழ் போடாமல் விடுவது பழைய வழக்கம். புதிதாக வருபவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம் என்பேன். நாளைக்கு எந்த வேலையில் இருப்போம், எப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இருப்போம் என்று இன்றைக்கே யாருக்கும் தெரியாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனாவால் நீங்கள் நினைக்கும் எல்லையைக் கையில் வரைந்துகொண்டு, தினமும் போடும் சட்டையைப் போட்டு, கையை மடித்துவிட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எங்கே எட்டிப்பார்க்கிறது என்று தெரிந்துவிடும். முதுகு என்றால் வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

முதுகைப் பற்றிச் சொன்னால் பலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இடுப்போடு நிறுத்தினால் ஓவியம் பெரும்பாலும் பாதியில் வெட்டியது போல் இருக்கும். ஜப்பானிய முதுகு ஓவியம் கழுத்தடியில் தொடங்கி, பிட்டத்தையும் சேர்த்து, தொடையின் மேல்பகுதியில் போய் முடியும் விதமாகத்தான் அமைக்கப்படுகிறது. டிராகனின் வால் சுழன்று முடியவும், அருவி விழுந்து நுரைக்கவும் அந்த இடம் வேண்டும். கூச்சமாக இருக்கிறது என்றால் கைக்கோ மார்புக்கோ போய்விடுங்கள். குட்டையான முதுகு வேண்டாம்.

ஓவியம் எப்படி முடிகிறது என்பதற்கும் வகைகள் உண்டு. அந்த விளிம்பை மிகிரி என்பார்கள். நேராக வெட்டியது போல் நிற்பது புக்கிரி, பியோனி இதழ் போல வளைந்து வளைந்து முடிவது போத்தான் மிகிரி, கறுப்பு மெல்ல மங்கித் தோலில் கரைந்துபோவது அகேபோனோ. கலைஞரிடம் பேசும்போது இந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம். அதைவிட முக்கியம், பின்னால் இன்னொரு பகுதியும் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுவது. கை முடிந்த பிறகு மார்பைச் சேர்க்க நினைத்தால், தோளில் விளிம்பை முதலிலேயே அதற்கேற்ற மாதிரி விட்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஏற்கெனவே பழைய டாட்டூ இருக்கிறதா? மறைத்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்வார்கள். அடர்த்தியான கறுப்பாக இருந்தால் ஓரிரு முறை லேசர் வைத்து மங்கலாக்கிவிட்டு வருவது நல்லது. இல்லையென்றால் மறைப்பதற்காகவே ஓவியம் வளைய வேண்டியிருக்கும்.

என்ன கதை, என்ன பின்னணி

பெரிய பரப்பில் ஒரே ஒரு நாயகன்தான் இருக்க வேண்டும். ஒரு கைக்குள் டிராகன், கொய் மீன், சாமுராய், ஹன்யா என்ற கொம்பு வைத்த பேய் முகமூடி, நாலு செர்ரிப் பூ என்று அடைத்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும். முதுகில் ஓர் உருவத்தைப் பெரிதாகப் போட்டால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே அது என்ன என்று புரியும்.

நாயகனை முடிவு செய்தால் துணைக்கு வருவது பாதி தானாக முடிவாகிவிடும், ஏனென்றால் பல உருவங்களுக்குப் பழைய ஜோடிகள் இருக்கின்றன. புலிக்கு மூங்கில். ஃபீனிக்ஸுக்கு பவுலோனியா மரம். மானுக்கு மேப்பிள் இலை. கராஜிஷி என்ற சிங்கத்துக்கு பியோனி. இந்தக் கடைசி ஜோடிக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள்: எந்த மிருகத்துக்கும் அஞ்சாத சிங்கத்துக்குத் தன் ரோமத்துக்குள் வளரும் பூச்சியால்தான் ஆபத்து. பியோனியின் பனித்துளி பட்டால் அந்தப் பூச்சி செத்துவிடும், அதனால் சிங்கம் பியோனிச் செடியின் கீழே போய்த் தூங்கும். கொய் மீன், அருவியை எதிர்த்து ஏறி டிராகன் வாயிலைக் கடந்தால் டிராகனாக மாறும் என்பது சீனத்திலிருந்து வந்த கதை. அதனால்தான் மீன் மேல்நோக்கி நீந்துவதாகப் போட்டால் ஒரு பொருள், கீழ்நோக்கி என்றால் வேறு பொருள் சொல்வார்கள்.

பருவமும் கணக்கில் வரும். செர்ரி வசந்தம், தாமரை கோடை, மேப்பிளும் சாமந்தியும் இலையுதிர் காலம். எல்லாப் பூக்களையும் ஒரே கையில் கலந்தால் தெரிந்தவர்கள் கண்ணுக்கு உறுத்தும். இதையெல்லாம் நீங்களே கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை, கலைஞருக்குத் தெரிந்திருந்தால் போதும். அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு உங்களுக்குத் தெரிந்தால் சரி. ஃபுதோ மியோ, கன்னோன் போன்றவை பௌத்தர்கள் இன்றும் வணங்கும் உருவங்கள். அவற்றைக் காலில் போடத் தயங்கும் கலைஞர்கள் உண்டு. அவர் மறுத்தால் வாதாடாதீர்கள்.

அப்புறம் பின்னணி. அலை, மேகம், காற்றுப் பட்டைகள், பாறை, இவற்றைச் சேர்த்துக் காகுபோரி என்பார்கள். புதியவர்கள் இதை நிரப்பும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் உருவத்தை முன்னே தள்ளுவதும், தோளையும் விலாவையும் ஒன்றாக இணைப்பதும், முப்பது வருடம் கழித்து வண்ணங்கள் மங்கின பிறகும் ஓவியத்தைத் தாங்கி நிற்பதும் இந்தக் கறுப்புதான். பின்னணி இல்லாமல் உருவத்தை மட்டும் போடும் நுகிபோரி என்ற முறையும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் பெரிய அளவில் அதைத் தாங்கும் கோடு எல்லாருக்கும் வராது.

மாநிறமும் கருநிறமும் உள்ள தோலுக்கு இந்தப் பாணி நன்றாகவே எடுக்கும். தடித்த கோடு, அடர்ந்த கறுப்பு, நடுவே விட்ட வெறும் தோல், இந்த மூன்றின் வேறுபாட்டில்தான் ஓவியம் நிற்கிறது. வெளிர் மஞ்சள், இளநீலம் போன்றவை ஆறிய பிறகு தோலின் நிறத்துக்குள் அமுங்கிவிடலாம். ஆழ்ந்த சிவப்பு தாக்குப்பிடிக்கும். உங்கள் நிறத்தை ஒத்த தோலில் கலைஞர் செய்து, ஆறிப்போன வேலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கலைஞரைத் தேடுவது

எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். முதலில் கண்ணைப் பழக்குங்கள். குனியோஷி, அவருடைய மாணவர் யோஷிதோஷி ஆகியோரின் அச்சு ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். பிறகு யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி, சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் லூ போன்ற டாட்டூ கலைஞர்களின் முழு முதுகு வேலைகளைப் பாருங்கள். அவர்களிடமே போக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நல்ல அலை எப்படி இருக்கும் என்று நூறு தடவை பார்த்த பிறகுதான் சுமாரான அலை கண்ணில் படும்.

அப்புறம் நீங்கள் போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்களின் வேலையைப் பாருங்கள். எல்லா விதமும் செய்வேன் என்கிறவர் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் இந்தப் பாணியையே செய்துகொண்டிருப்பவர் வேண்டும். அவருடைய இணையப் பக்கத்தில் முடிந்துபோன முதுகுகளும் கைகளும் எத்தனை இருக்கின்றன? கோடு மட்டும் போட்டு நிற்கும் படங்களே நிறைய, முடிந்தது ஒன்றுமில்லை என்றால் ஆட்கள் பாதியில் போய்விடுகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே எடுத்த படத்தில் எல்லா டாட்டூவும் பளபளக்கும். ஆறு மாதம், ஐந்து வருடம் கழித்து எடுத்த படம்தான் உண்மையைச் சொல்லும்.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியவை: டிராகனின் உடல் அலைக்குப் பின்னால் மறைந்து மறுபடி வெளிவரும் இடத்தில் செதில் வரிசை சரியாகத் தொடர்கிறதா? சாமந்தியின் இதழ்கள் நடுவிலிருந்து ஒழுங்காக விரிகின்றனவா? கறுப்பு மங்கிப்போகும் பொகாஷி வழவழப்பாக இருக்கிறதா, திட்டுத்திட்டாக நிற்கிறதா? கை, கால் விரல்கள் விரல் மாதிரி இருக்கின்றனவா? அக்குளும் முழங்கையின் உள்பக்கமும் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றனவா? வலிக்கும் இடங்களை நழுவவிடும் கலைஞரின் வேலையில் பின்னணி அங்கங்கே அறுந்து தொங்கும். ஆள் நேராக நிற்கும்போது மிருகத்தின் முகம் முன்பக்கத்திலிருந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். கையின் பின்புறம் பார்த்து ஓடுகிற டிராகன் எனக்கு எப்போதுமே விட்டுப் போகிற மாதிரிதான் தோன்றும்.

கையாலா, மெஷினாலா என்ற கேள்வி வரும். நீளமான குச்சியின் முனையில் கட்டிய ஊசிக் கொத்தால் கையாலேயே குத்துவது தெபோரி. இன்று இதைச் செய்பவர்களிலும் பலர் கோட்டை மெஷினால் போட்டுவிட்டு, நிழலையும் வண்ணத்தையும் கையால் செய்கிறார்கள். தெபோரி செய்பவர் என்பதாலேயே சிறந்தவர் ஆகிவிட மாட்டார். வரையத் தெரியாதவர் கையில் எந்தக் கருவியும் ஒன்றுதான்.

ஜப்பானுக்கே போய்ச் செய்துகொள்ள நினைத்தால் சில விஷயங்கள். அங்கே 1872இல் டாட்டூ தடை செய்யப்பட்டது. 1948இல்தான் தடை விலகியது. 2001இல் சுகாதார அமைச்சகம் இதை மருத்துவச் செயலாகக் கருதி ஒரு சுற்றறிக்கை விட்டதால் கலைஞர்கள் நெடுநாள் சட்டச் சிக்கலில் இருந்தார்கள். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இது மருத்துவச் செயல் இல்லை என்று முடித்துவைத்தது. ஆனாலும் பல ஸ்டுடியோக்களுக்கு வாசலில் பலகைகூட இருக்காது, முன்கூட்டியே நேரம் வாங்காமல் உள்ளே போக முடியாது. ஒரு முதுகுக்கு எத்தனை பயணம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு ஆசைப்படுங்கள். டாட்டூ கண்காட்சிகளில் கலைஞரை நேரில் பார்க்கலாம், பேசலாம். அங்கேயே உட்கார்ந்து பெரிய வேலையைத் தொடங்குவது அவசரம்.

முதல் கடிதம், முதல் சந்திப்பு

எழுதும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த இடம், எந்த எல்லை வரை, எந்த நாயகன், அந்த இடத்தின் தெளிவான படம், பழைய டாட்டூவோ தழும்போ இருந்தால் அதுவும், எப்போது தொடங்க முடியும், உடல்நலத்தில் ஏதாவது சிக்கல் உண்டா, இவ்வளவும் ஒரே கடிதத்தில் இருந்தால் பதில் வரும். அவர் செய்த வேலைகளில் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்றைக் குறிப்பிடுங்கள். வேறொருவர் உடம்பில் இருக்கும் டாட்டூவை அனுப்பி இதே வேண்டும் என்றால் நல்ல கலைஞர் மறுத்துவிடுவார், மறுக்காதவரிடம் போகாதீர்கள்.

நேரில் போகும்போது ஸ்டுடியோவையும் பாருங்கள். ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாக, உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். மையைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, மீதியை வேலை முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். மையைக் கரைக்கக் குழாய்த் தண்ணீர் கூடாது. மறுபடி பயன்படுத்தும் கருவிகள் இருந்தால், நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால் எந்த மை என்று கேட்பது வீண் கேள்வி இல்லை. கேட்டதற்கு எரிச்சல்பட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் அங்கேயே வெளிப்படையாகப் பேசுங்கள். மணிக் கணக்கா, நாள் கணக்கா, முன்பணம் கடைசியில் கழியுமா, தேதி மாற்றினால் என்ன, ஆறிய பிறகு விட்டுப்போன இடத்தைத் தொட்டுக்கொடுக்கத் தனிக் கட்டணமா? முழுக் கை என்றால் சுமாராக 25 முதல் 40 மணி நேரம், முதுகு என்றால் 40 மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கலைஞரைப் பொறுத்து இது நிறைய மாறும். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். மாதம் ஒரு செஷனுக்குக் கையிலிருந்து கொடுக்க முடிந்தால் தொடங்குங்கள்.

டிசைனை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். பலர் அன்றைக்குக் காலையில்தான் காட்டுவார்கள். சிலர் மார்க்கரை எடுத்து நேராகத் தோலிலேயே வரைவார்கள், தசையின் வளைவுக்கு அதுதான் சரியாக உட்காரும். அந்த நேரத்தில் கண்ணாடியில் நன்றாகப் பார்த்து, பிடிக்காததைச் சொல்லிவிடுங்கள். ஊசி பட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

வேலை தொடங்கியதும்

முதலில் கோடு. முழு ஓவியத்தின் கோட்டையும் போட்டு முடித்த பிறகு பின்னணியின் கறுப்பு, கடைசியில் வண்ணம். கோடு விழுந்துவிட்டால் நீங்கள் அந்தக் கலைஞருடன் கட்டுண்டுவிட்டீர்கள். வேறொருவரின் பாதி வேலையை எடுத்து முடிக்க நல்ல கலைஞர்கள் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். தேர்வில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னது இதற்காகத்தான்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், காயம் பட்டால் கெலாய்டு தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கெலாய்டு, கருநிறத் தோலில் கூடுதலாக வரும். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுங்கள். மரத்துப்போகும் களிம்பை நீங்களாக வாங்கிப் பெரிய பரப்பில் பூசுவது ஆபத்து. அதில் இருக்கும் மரத்துப்போகும் மருந்தான லிடோகெயின் வீரியமாக இருந்து அதிகமாக உள்ளே போனால் இதயத் துடிப்பையே பாதிக்கும்.

முந்தைய இரவு மது வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விலா, அக்குள், முழங்காலின் பின்புறம் வலிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். பிட்டம் இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் செஷனை மூன்று மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டு உங்கள் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள். நீண்ட செஷன் முடிந்த இரவு உடம்பு நடுங்குவதும் லேசாகக் காய்ச்சலடிப்பது போல் இருப்பதும் பலருக்கு நடக்கும், மறுநாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவையுங்கள்.

பராமரிப்புக்குக் கலைஞர் சொல்வதையே கேளுங்கள். பொதுவாக, வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் கொண்டு மெல்லக் கழுவுவது, களிம்பை மெல்லியதாகப் பூசுவது, உரிவதைப் பிய்க்காமல் இருப்பது. மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். அதுவரை நீச்சலும் வெயிலும் வேண்டாம். அதே இடத்தில் அடுத்த செஷனும் அதற்குப் பிறகுதான். முதுகை யார் கழுவிவிடப் போகிறார்கள் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கை எட்டாது. சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ் வந்தால், நல்ல காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் போங்கள். சிவப்பு மை சிலருக்கு ஒவ்வாமை தரும். மாதங்கள் கழித்துக்கூட அந்த நிறம் மட்டும் தடித்து அரிக்கலாம்.

ஆறின பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடுவது மட்டும் வாழ்நாள் வேலை. ஜப்பானுக்குச் சுற்றுலா போகும்போது இன்னொன்று: வெந்நீர் ஊற்றுக் குளியல் இடங்களில் பல இன்றும் டாட்டூ உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. சின்ன டாட்டூவை ஒட்டுத்தாளால் மறைத்துக்கொண்டு போகலாம், முழு முதுகை மறைக்க முடியாது. கினோசாக்கி ஊரின் ஏழு பொதுக் குளியல் வீடுகளில் டாட்டூவுக்குத் தடை இல்லை. மற்ற ஊர்களில், மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் தனிக் குளியலறை இருக்கிறதா என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.